தன்னால பேசுறா!

முன்பு ஒருநாள் கீரனூரில் பஸ் ஏறிய ஒரு அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஊர், பேர், பிள்ளை குட்டி எல்லாம் விசாரித்து முடித்துவிட்டு, "எங்கங்க வேலை பாக்குறீங்க?" என்றார்.

"ஆஸ்பத்திரியிலங்க."

"நர்ஸா?"

"இல்லைங்க."

"கூட்டிப் பெருக்குறதா?"

"அதுவும் உண்டு. ஆனா முக்கியமா... டீ குடிக்கிற வேலைங்க."

என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு பையை மடியில் இறுக்கிக்கொண்டு ஜன்னல் பக்கமாகத் தள்ளி உட்கார்ந்துவிட்டார். பாவம், மனநலப் பிரிவுக்கு வைத்தியத்துக்குப் போகிறவள் என்று நினைத்திருப்பார்.

பாதி சரி. நான் போவது அங்கேதான்.

புதுக்கோட்டை வரும்வரை அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. அவருக்குச் சொல்ல முடியாததை உங்களுக்குச் சொல்கிறேன். நீங்கள் தள்ளி உட்கார மாட்டீர்கள்.

நான் வேலை பார்ப்பது ஆஸ்பத்திரி வளாகத்துக்குள் இருக்கிற ஒரு மையத்தில். வீட்டுக்குள் அடி வாங்குகிற பெண்களுக்கான மையம். கதவு திறப்பது, கூட்டுவது, அழுதுகொண்டு வருகிறவளுக்குத் தண்ணீர் கொடுப்பது... எழுத்தில் இருக்கிற வேலை இவ்வளவுதான். எங்கள் ஆலோசகர் பெயர் செல்வராணி. கெட்டிக்காரி. எதிரில் இருக்கிறவள் அழுது முடிக்கிற வரைக்கும் வாயைத் திறக்காமல் இருக்கத் தெரிந்தவர். அது எவ்வளவு பெரிய படிப்பு என்று என்னைப் போல பேச்சு நிற்காதவளுக்குத்தான் தெரியும்.

அடுத்த வராந்தாவில் மனநல டாக்டர். பெயர் நிவேதிதா. எங்களுக்கு டாக்டரம்மா.

ஆக, ரெண்டு கதவு. அடி வாங்கியவள் ஒரு கதவைத் தட்டலாம். மனசு உடைந்தவள் இன்னொரு கதவைத் தட்டலாம். அடி வாங்கி மனசு உடைந்தவள்...? அவள் எந்தக் கதவைத் தட்டுவாள்?

முன்பெல்லாம் ஒரு கதவைத்தான் தட்டுவாள். டாக்டர் கதவை. அதுவும் தானாக வந்து தட்டமாட்டாள். புருஷன் கூட்டிவந்து தட்டுவான். "தூங்க மாட்டேங்குறா, சாப்புட மாட்டேங்குறா, எரிஞ்சு விழுறா" என்பான். மாத்திரை கிடைக்கும். வீட்டுக்குப் போவார்கள். அவன் கை நீட்டுவான், இவள் மாத்திரை போட்டுக்கொண்டு தூங்குவாள். கோளாறு ஒருத்தனிடம், வைத்தியம் இன்னொருத்திக்கு! உலகத்தில் வேறு எந்த வியாதிக்காவது இப்படி வைத்தியம் உண்டா?

டாக்டரம்மாவும் செல்வராணியும் உட்கார்ந்து பேசித்தான் இந்த ரெண்டு கதவுக்கும் நடுவில் வழி போட்டார்கள். டாக்டரிடம் வருகிற பெண்ணுக்கு வீட்டில் அடி விழுகிறதா என்று பார்ப்பது. எங்களிடம் வருகிறவளுக்குத் தூக்கமும் பசியும் இருக்கிறதா என்று பார்ப்பது. கேட்பதற்குச் சின்ன விஷயம்தான். ஆனால் ஒரு முட்டுக்கட்டை.

கூட வந்தவர்!

நம் ஊரில் வைத்தியம் என்றால் கூட வந்தவர்தானே பேசுவார்? நோயாளிக்கு நாக்கை நீட்டுகிற வேலை மட்டும்தான். "என்னம்மா செய்யுது?" என்று டாக்டர் அவளிடம் கேட்டால், "அவளுக்கு வயித்துல எரிச்சல் சார்" என்று அவன் சொல்வான். அடிக்கிறவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு "அடிக்கிறாராம்மா?" என்று கேட்டால் எவள் ஆமாம் என்பாள்?

டாக்டரம்மா முதலில் சட்டம் போட்டுப் பார்த்தார். "கூட வந்தவங்க வெளிய இருங்க." போனார்கள். அதில் ஒருத்தி, மறுபடி வந்தபோது கையில் கட்டோடு வந்தாள். "உள்ள என்னடி சொன்ன?" என்று வீட்டில் விசாரணை நடந்திருக்கிறது.

அன்றைக்கு டாக்டரம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

செல்வராணிதான் சொன்னார். "வெளிய போங்கன்னு நாம சொல்லக்கூடாது டாக்டர். அவங்களா எந்திரிச்சுப் போகணும். போனதே அவங்களுக்குத் தெரியக்கூடாது."

"அது எப்புடிங்க முடியும்?"

ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் யோசித்தார்கள். அப்புறம் ரெண்டு பேரும் ஒரே சமயத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் வாயைத் திறந்தால் மூடமாட்டேன் என்பது அந்த ஆஸ்பத்திரிக்கே தெரியும். குறையாகச் சொன்னவர்கள்தான் அதிகம். அன்றைக்கு அது தகுதியாகிவிட்டது!

அப்படித்தான் எனக்கு டீ குடிக்கிற வேலை வந்தது. ஆஸ்பத்திரி கேட்டுக்கு எதிரில் அழகரின் டீக்கடை. கூட வந்தவரை நைசாக அங்கே கூட்டிக்கொண்டு போவேன். "அழகரு, ரெண்டு டீ" என்றால் சாதா டீ. "அழகரு, இஞ்சி தட்டிப் போடுங்க" என்றால் உள்ளே முக்கியமான பேச்சு நடக்கிறது, மெதுவாகப் போடு என்று அர்த்தம். அழகர் அந்த இஞ்சியை எங்கிருந்தோ தேடி எடுப்பார், கழுவுவார், தோல் சீவுவார்... அப்புறம்தான் தட்டுவார்.

"இதை எழுதலாமா? நாளைக்கு வர்றவன் உஷாராயிட மாட்டானா?" என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயம். டீக்கடை இப்போது அங்கே இல்லை. எங்கள் வழியும் மாறிவிட்டது. எப்படி மாறியது என்று எழுதமாட்டேன். உங்களுக்குச் சொல்லக்கூடாது என்றில்லை, இதைப் படிக்கிறவர்களில் அவன்களும் உண்டே!

சரி, மல்லிகா கதைக்கு வருகிறேன். மல்லிகா என்பது நான் வைத்த பெயர். கீரமங்கலம் பக்கம் என்று சொல்லிக்கொள்கிறேன், யாரும் போய்த் தேட வேண்டாம். "பேரையும் ஊரையும் மாத்திருங்கத்தே. மத்தத அப்புடியே எழுதுங்க. என்னைய மாதிரி எவளாச்சும் படிப்பாள்ல" என்று அவளே சொல்லித்தான் எழுதுகிறேன். எழுதியதை வாசித்தும் காட்டிவிட்டேன்.

அவளைக் கூட்டிக்கொண்டு வந்த புருஷனைப் பார்த்ததும் எல்லாருக்கும் பிடித்துவிட்டது. இஸ்திரி மடிப்பு கலையாத சட்டை. நெற்றியில் திருநீறு. பொண்டாட்டியின் கைப்பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு, அவளுக்குத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்துக்கொண்டு... நம் மாவட்டத்தில் பொண்டாட்டி பையைத் தோளில் சுமக்கிற ஆம்பளையை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? வரிசையில் நின்ற பெண்கள் எல்லாம் பெருமூச்சு விட்டார்கள்.

செல்வராணி மட்டும் விடவில்லை. என் காதருகில் வந்து, "பை அவர்கிட்ட இருக்கு. போனு, பஸ்ஸுக்குக் காசு, எல்லாம் அந்தப் பைக்குள்ளதான் இருக்கும். அந்தப் பொண்ணு கையில ஒண்ணுமே இல்ல, பாத்தீங்களா?" என்றார்.

பார்த்தேன். வெறுங்கை. அந்தக் கையையும் முந்தானைக்குள் சுருட்டி வைத்திருந்தாள்.

நான் தண்ணீர்க் குடத்தை வைக்கிற சாக்கில் டாக்டரம்மா அறைக்குள் போனேன். புருஷன் பேசிக்கொண்டிருந்தார். நல்ல குரல்.

"தன்னால பேசுறா மேடம். அடுப்படியில பேசுறா, கொல்லையில பேசுறா, பூப்பறிக்கையில பேசுறா. ஊரே சிரிக்குது. வீட்டுல பச்சப்புள்ள இருக்கு. பொம்பளப்புள்ள. நாளைக்கு அதை எதுவும் பண்ணிட்டான்னா?"

"நான் என்ன பண்ணணுங்கிறீங்க?"

"ஒரு வார்த்தை எழுதிக் குடுத்தீங்கன்னா போதும் மேடம்."

"என்ன வார்த்தை?"

"பைத்தியம்னு... நீங்க அதுக்கு இங்கிலீஷ்ல என்ன எழுதுவீங்களோ, அது. பெரியவங்களை வச்சுப் பேசி அவளை அவ ஆத்தா வீட்டுல விட்டுருவோம். புள்ள எங்கம்மாகிட்ட இருந்துக்கிரும்."

பிள்ளை. அதுதான் விஷயம். டாக்டரம்மா எழுதப்போகிற ஒரு வார்த்தையில் மல்லிகாவுக்கு மகள் உண்டா இல்லையா என்பது இருந்தது.

மல்லிகா குனிந்த தலை நிமிரவில்லை. உதடு மட்டும் அசைந்துகொண்டே இருந்தது. சத்தம் இல்லை.

"என்னம்மா சொல்றீங்க?" என்றார் டாக்டரம்மா.

உதடு நின்றுவிட்டது.

"பாத்தீங்களா, பாத்தீங்களா! ஒங்க முன்னாடியே பேசுறா மேடம்!" என்றார் புருஷன். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் தயார்.

"வாங்கப்பு. அவங்க பிரஷரு அது இதுன்னு பாக்க நேரமாகும். காலையில சாப்புட்டீங்களோ இல்லையோ, மூஞ்சி வாடிக் கெடக்கு. ஒரு டீ குடிப்போம்."

"இல்ல ஆத்தா, இருக்கட்டும்."

"நோயாளியப் பாக்குறவுகளைத்தான் யாரும் பாக்க மாட்டாக. அவுகளும் மனுசந்தானே?"

எழுந்துவிட்டார். இந்த ஒரு வாக்கியத்துக்கு எழாத ஆம்பளை இல்லை.

"அழகரு! இஞ்சி தட்டிப் போடுங்க."

பெஞ்சில் கேட்டைப் பார்த்தபடிதான் உட்கார்ந்தார். பை மடியில். நான் பூ விலை கேட்டேன். ஒரு வார்த்தையில் பதில். மழை கேட்டேன். ம்... என்றார். கண் கேட்டிலேயே இருந்தது. எழுந்துவிடுவார் போலத் தெரிந்தது. அழகர் இப்போதுதான் இஞ்சிக்குத் தோல் சீவிக்கொண்டிருக்கிறார்!

"ஒங்களை மாதிரி பொறுமைசாலிய நான் பாத்ததில்லப்பு" என்றேன். "வேற ஒருத்தனா இருந்தா எப்பயோ அத்து விட்டுருப்பான்."

அவ்வளவுதான். அணை திறந்த மாதிரி. தான் பட்ட பாடெல்லாம் சொன்னார். சட்டையை எப்படித் தேய்க்க வேண்டும் என்று எத்தனை முறை சொல்லிக் கொடுத்தது, அவள் ஆத்தாவோடு போனில் பேச வேண்டாம் என்று எவ்வளவு நயமாகச் சொன்னது...

"எதுத்துப் பேசுவாளோ?"

"ஆரம்பத்துல பேசுவா ஆத்தா. இப்பல்லாம் பேச மாட்டா." டீயை ஒரு உறிஞ்சு உறிஞ்சினார். "பழக்கிட்டேன்."

பழக்கிட்டேன்!

வண்டிக்குக் காளையைப் பழக்குவார்கள். மூக்கணாங்கயிறு குத்தி, நுகத்தடி வைத்து. அந்த வார்த்தையை அவர் பெருமையாகத்தான் சொன்னார். டீயும் நன்றாக இருக்கிறது என்று அழகரிடம் சொன்னார். எனக்குத்தான் இஞ்சி தொண்டையில் எரிந்தது. "வடை சூடா போடுறாரு, இருங்கப்பு" என்றேன்.

உள்ளே நடந்ததை மல்லிகா அப்புறம் என்னிடம் சொன்னாள்.

புருஷன் கேட்டைத் தாண்டியதும் செல்வராணி உள் கதவு வழியாக டாக்டர் அறைக்குப் போயிருக்கிறார். டாக்டரம்மா வழக்கமாகக் கேட்கிற கேள்விதான்: "யாரும் இல்லாதப்ப காதுல பேச்சுக்குரல் எதுவும் கேக்குதாம்மா?"

"இல்லைங்க."

"அப்ப யார்கிட்ட பேசுறீங்க?"

"அவர்கிட்டதாங்க."

"அவரு அங்க இருக்க மாட்டாரே?"

"வாரதுக்கு முன்னாடி சொல்லிப் பாப்பேங்க."

"என்ன சொல்லிப் பாப்பீங்க?"

 அவர்கள் ரெண்டு பேரும் அவசரப்படுத்தவில்லை. அப்புறம் மல்லிகா சொல்லியிருக்கிறாள்.

"'சாப்புட வாரீங்களா'ன்னா, என்னடி அவசரம்பாரு. 'சாப்புடுறீங்களா'ன்னா, சோத்துக்குமா கேள்விம்பாரு. 'சோறு எடுத்து வச்சிருக்கேன்'னா, எனக்கே உத்தரவு போடுறியாம்பாரு. பேசாம இருந்தா, வாயில என்ன கொழுக்கட்டையாம்பாரு. எதைச் சொன்னா கை நீட்ட மாட்டாருன்னு... ஒவ்வொண்ணா சொல்லிச் சொல்லிப் பாப்பேங்க. கொரலை ஏத்தி, எறக்கி. ஒருநா சரியா அமைஞ்சுரும். மறுநா அதே பேச்சுக்கு அடி விழும். அப்பறம் புதுசா யோசிக்கணும்ங்க."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"இப்ப, நான் கேட்டப்ப முணுமுணுத்தீங்களே... அது?"

"போற வழியில, 'டாக்டரு என்ன கேட்டாங்க'ன்னு கேப்பாருங்க. அதுக்குப் பதிலு."

செல்வராணி அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாராம்: "மல்லிகா, இது பைத்தியம் இல்லம்மா. ஒத்திகை."

சீராக மூச்சு விடக்கூட அப்போதுதான் முடிந்தது என்றாள் மல்லிகா. வியாதிக்குப் பெயர் வைத்தால் பயம் வரும் என்பார்கள். பெயரை மாற்றி வைத்தால் பயம் போகும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆனால் கதை அங்கே நேராகிவிடவில்லை. அவளுக்கு வியாதியே இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. தூக்கம் இல்லை. சோறு இறங்கவில்லை. தோட்டத்துக் கிணற்றடியில் போய் நின்றுவிட்டு, பிள்ளை நினைப்பு வந்து திரும்பியிருக்கிறாள். டாக்டரம்மா மாத்திரை எழுதப் போனார். செல்வராணி தடுத்தார்.

"மாத்திரை குடுத்தீங்கன்னா, இந்தா பாரு பைத்தியத்துக்கு மாத்திரைன்னு கோர்ட்டுல காட்டுவாரு டாக்டர். புள்ளை போயிரும்."

"குடுக்கலைன்னா இவங்களே போயிருவாங்களே செல்வராணி! அப்ப புள்ளைக்கு யாரு?"

ரெண்டு பேர் சொல்வதும் சரி. ரெண்டு பேரும் படித்தவர்கள், ரெண்டு பேரும் அவள் நன்மைக்குத்தான் சண்டை போட்டார்கள். இப்படி ஒரு சண்டை தனக்காக நடந்து மல்லிகா பார்த்ததே இல்லையாம். வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தவள், நடுவில் புகுந்தாள்.

"மாத்திரை குடுங்கம்மா. தூங்குனாத்தானே யோசிக்க முடியும்? புள்ள விசயத்துக்குக் கோர்ட்டுல நான் பதில் சொல்லிக்கிறேன்."

ஒத்திகை பார்க்காமல் ரொம்ப நாளைக்கு அப்புறம் அவள் சொன்ன முதல் பேச்சு அது.

வடை தின்றுவிட்டுப் புருஷன் உள்ளே வந்தபோது டாக்டரம்மா முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "ஒரு நாள் பாத்துட்டு நான் எதையும் எழுத மாட்டேன் சார். மாத்திரை கொஞ்ச நாளைக்குத்தான் தர்றேன். தீரத் தீரக் கூட்டிட்டு வாங்க. முழுசாப் பாத்துட்டு, என்ன உண்மையோ அதை எழுதுறேன்."

ஒரு வார்த்தை பொய் உண்டா அதில்? கிடையாது! அவருக்கு என்ன கேட்டது என்றால், பைத்தியப் பட்டம் தயாராகிக்கொண்டிருக்கிறது என்று கேட்டது. அதற்கு நாங்கள் என்ன செய்ய முடியும்?

ஆக, அவரே கூட்டிக்கொண்டு வந்தார். திரும்பத் திரும்ப வந்தார். பொண்டாட்டி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அவரே பஸ் ஏற்றிக்கொண்டு வந்து எங்களிடம் விட்டுவிட்டு, என்னோடு டீ குடிக்க வந்தார். உள்ளே மல்லிகா தூங்க ஆரம்பித்தாள், சாப்பிட ஆரம்பித்தாள், சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொண்டாள். பிள்ளையை மட்டும் ஒருநாளும் கூட்டி வரமாட்டார். அது அவர் கையில் இருந்த கயிறு.

கடைசியில் ஒருநாள் மல்லிகாவே சொன்னாள், "இன்னைக்குத் திரும்பிப் போகலம்மா" என்று. இந்த மாதிரிப் பெண்களுக்காகக் கோர்ட்டில் மனுப் போடுகிற அரசாங்கப் பாதுகாப்பு அலுவலர் மனுவைத் தயாராக வைத்திருந்தார். மறு கதவு வழியாக அவளைப் பத்திரமான இடத்துக்கு அனுப்பினார்கள். விஷயம் தெரிந்ததும் புருஷன் என்னிடம்தான் வந்தார். அந்த நல்ல குரல் எங்கே போனதோ!

"கெழவி! டீ வாங்கிக் குடுத்து ஏமாத்திட்டியேடி!"

"வடைய சொல்லாம விட்டுட்டீங்களேப்பு" என்றேன்.

வாட்ச்மேன் வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போனார்.

அப்புறம் கோர்ட்டு.  "வக்கீலு கேக்குறப்ப எனக்குப் பேச்சு வராதே" என்றாள் மல்லிகா.

"ஒங்களுக்கா?" என்றார் செல்வராணி. "இத்தனை வருசமா ஒத்திகை பாத்துப் பழகுன ஆளு இந்த மாவட்டத்துலயே நீங்க ஒருத்திதான். வாங்க, பாப்போம்."

எங்கள் மையத்திலேயே கோர்ட்டு போட்டோம். செல்வராணி எதிர்த்தரப்பு வக்கீல். நான் மாஜிஸ்திரேட். என் ஆயுசில் கிடைத்த பெரிய பதவி அதுதான், விட்டுக்கொடுக்கவே இல்லை. என்ன சொல்ல வேண்டும் என்று யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அவள்தான் முதலில் பழைய வழக்கப்படி செல்வராணியின் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பேசினாள். எந்தப் பதில் பிடிக்கிறது என்று தேடினாள்.

"எனக்குப் பிடிச்சதைச் சொல்லாதீங்க மல்லிகா. நடந்ததைச் சொல்லுங்க. எனக்குக் கோவம் வந்தா வரட்டும்."

"கோவம் வந்தா?"

"வந்தா என்ன? மாஜிஸ்திரேட்டு பாத்துக்குவாங்க."

நான் மேஜையைத் தட்டினேன். "ஆமா, பாத்துக்குவேன்!"

சிரித்துவிட்டாள். அவள் சிரித்து நாங்கள் பார்த்தது அன்றைக்குத்தான்.

கோர்ட்டில் புருஷனின் வக்கீல் டாக்டரம்மாவை முதலில் பிடித்தார். மல்லிகா சம்மதம் கொடுத்திருந்ததால் டாக்டரம்மா எல்லாவற்றையும் சொல்லத் தயாராகத்தான் வந்திருந்தார்.

"இந்தப் பொண்ணுக்கு நீங்க மனநோய்க்கு மாத்திரை குடுக்குறீங்களா இல்லையா?"

"குடுக்குறேன். மனச்சோர்வுக்கு."

"அப்ப புள்ளைய வளக்கத் தகுதி இல்லாதவங்கதானே?"

"ஒருத்தரு அடிச்சு ஒருத்திக்குக் காலு ஒடிஞ்சா, நான் மாவுக்கட்டு போடுவேன். கட்டு போட்டதுனால அவ நொண்டின்னு, அடிச்சவரே வந்து சாட்சி சொல்லலாமா? கட்டு போட்டது கால் சேர்றதுக்கு. இவங்களுக்குச் சேந்துருச்சு. தூங்குறாங்க, சாப்புடுறாங்க, தெளிவா இருக்காங்க. புள்ளைய வளக்க இவங்களுக்கு எந்தத் தடையும் இல்ல. இது என் மருத்துவக் கருத்து."

வக்கீல் விடுவாரா? மல்லிகாவிடம் திரும்பினார்.

"நீங்க தன்னால பேசுவீங்களா? ஆமா, இல்லைன்னு மட்டும் சொல்லுங்க."

 செல்வராணி என் கையை நசுக்கிவிட்டார்.

"ஆமாங்க" என்றாள் மல்லிகா.

பின்னால் உட்கார்ந்திருந்த புருஷன் வீட்டுக்காரர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். வக்கீல் "அவ்வளவுதான்" என்று உட்காரப் போனார்.

மாஜிஸ்திரேட் அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "என்னம்மா பேசுவீங்க?"

மல்லிகா சொன்னாள். சாப்புட வாரீங்களா. சாப்புடுறீங்களா. சோறு எடுத்து வச்சிருக்கேன். ஒவ்வொன்றையும் எந்தக் குரலில் சொல்லிப் பார்த்தாளோ அதே குரலில், ஏற்றி, இறக்கி. ஒவ்வொன்றுக்கும் எங்கே அடி விழுந்தது என்பதையும் சொன்னாள். அழவில்லை. யார் முகத்தையும் பார்த்துப் பதில் தேடவில்லை. 

"இப்பயும் தன்னால பேசுறீங்களா?"

"பேசுறேங்கம்மா. இன்னைக்கு என்ன கொழம்பு வைக்கலாம்னு பேசுறேன். நானே கேட்டு நானே பதில் சொல்லிக்கிறேன். சண்டையே வாரதில்லைங்க."

கோர்ட்டே சிரித்துவிட்டது. வக்கீலும்தான்!

இடைக்கால உத்தரவு வந்தது. அவளை நெருங்கக்கூடாது. பிள்ளை அம்மாவிடம்.

எல்லாக் கதையும் இப்படி முடிவதில்லை. டீ ஆறுவதற்குள் எழுந்து போய்விட்ட ஆட்களும் உண்டு. திரும்பி வராத பெண்களும் உண்டு. அவர்கள் முகம் எனக்கு மறக்காது. அதனால்தான் ஜெயித்ததைக் கொஞ்சம் சத்தமாகவே சொல்கிறேன்.

பிள்ளையைக் கூட்டிவர ஜீப்பில் போனோம். பாதுகாப்பு அலுவலர், ஒரு பெண் போலீஸ், மல்லிகா, துணைக்கு நான். வழியெல்லாம் மல்லிகாவின் உதடு அசைந்துகொண்டே வந்தது.

"என்ன தாயி?"

"புள்ளகிட்ட என்ன பேசுறதுன்னு பாக்குறேன்த்தே. பாத்து ரொம்ப நாளாச்சு. ஏன் என்னைய விட்டுட்டுப் போனன்னு கேக்கும்ல. அதுக்குத்தான்..."

வீட்டு வாசலில் மாமியார். போலீஸைப் பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது. ஆனாலும் சும்மா இருக்கவில்லை. "அந்தக் கிறுக்கச்சியோட புள்ள போவாது. வேணும்னா கூப்புட்டுப் பாருங்க."

பிள்ளை கதவுக்குப் பின்னால் நின்றது. ஒரு கண்ணும் பாதி ஜடையும்தான் தெரிந்தது. மல்லிகா முட்டி போட்டு உட்கார்ந்தாள். கையை நீட்டினாள்.

பிள்ளை வரவில்லை. கதவை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டது. பிறகு அங்கேயிருந்தே கேட்டது:

"அம்மா, நீ கடிப்பியா?"



"அப்பத்தா சொல்லுச்சு. நீ பைத்தியம், கிட்டக்கப் போனா கடிச்சிருவன்னு."

ஜீப்பில் வந்த நேரமெல்லாம் மல்லிகா ஒத்திகை பார்த்த எந்தப் பதிலும் இதற்குச் சேராது. நான் வாயைத் திறக்கப் போனேன். எனக்கே வார்த்தை வரவில்லை. மல்லிகா பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கண்ணை உருட்டினாள்.

"ஆமா, கடிப்பேன்! எங்க... கன்னத்தக் காட்டு பாப்பம்?"



ஒரு கண் ரெண்டு கண்ணானது. பிள்ளை ஒரு அடி எடுத்து வைத்தது. இன்னொரு அடி. கிட்டே வந்து, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, கன்னத்தைக் காட்டியது.

மல்லிகா கடித்தாள். பல் படாமல், சத்தம் போட்டு. பிள்ளை கலகலவென்று சிரித்துவிட்டு, மறு கன்னத்தையும் திருப்பியது. பெண் போலீஸ் தொப்பியைச் சரிசெய்கிற மாதிரி அங்கிட்டுத் திரும்பிக்கொண்டார்.

ஜீப் கிளம்பியதும் நான் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். ஸ்பீக்கரில்.

"டாக்டரம்மா, ஒங்க பேஷண்டு கடிச்சுட்டா!"

"ஐயையோ! யாரைம்மா?"

போனைப் பிள்ளையிடம் நீட்டினேன். அது அம்மா மடியில் நிமிர்ந்து உட்கார்ந்து, பெருமையாகச் சொன்னது:

"என்னைய!"

இந்தக் கடிக்கு ஊசி எதுவும் போடத் தேவையில்லையாம். டாக்டரம்மாவிடமே கேட்டுவிட்டேன்.